ஒரே மூன்று மணி நேரம்

காலை பத்து மணிக்கே உப்பளம் கண்ணை மயக்கியது. வரப்பில் நடந்த பாண்டித்துரைக்கு வானம் மேலே இருக்கிறதா, பாத்தித் தண்ணீரில் கிடக்கிறதா என்றே பிடிபடவில்லை. தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் கானலில் மிதந்தன. கனவில் நடப்பவன்போல் போய்க்கொண்டிருந்தான்.

தூத்துக்குடி மளிகைக்கடைக்காரர் மகன். இப்போது சென்னையில், நாடே நுழையத் தவம் கிடக்கும் கல்லூரியில் படிக்கிறான். ‘தகுதி ஒன்றே நீதி’ என்று பேச்சுப்போட்டியின் இறுதிச்சுற்றில் பேசவேண்டும். வென்றால் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். பேச்சுக்கு முன்னால் ஒரு வீடியோ காட்ட அவனுக்கு ஆசை. அதற்காகத்தான் பன்னிரண்டாம் வகுப்பில் கூடப் படித்த சுடலைச்செல்வியைத் தேடி வந்தான். கணக்கில் அவனுக்கே தண்ணி காட்டியவள்.

“ஏளா செல்வி, ஒரே பள்ளிக்கூடம், ஒரே கேள்வித்தாள், ஒரே மூணு மணி நேரம்னு நான் ஆரம்பிப்பேன். நான் ஜெயிச்சதுல அநியாயம் ஒண்ணுமில்லன்னு நீ சொல்லணும். அம்புட்டுதான்.”

கேட்கிற ஆளுக்குக் கூச்சமே இல்லை! அவள் உப்பு வாரும் பலகையைச் சாய்த்துவைத்துச் சிரித்தாள்.

“அதுக்கென்ன, சொல்லுதேன். முழுசா எழுதியிருந்தா நானும் பாஸாயிருப்பேன்.”

“முழுசான்னா?”

“என்ட்ரன்ஸ் பரீட்சை வாசல்ல அந்தக் கைரேகை மெஷின் என் ரேகையை எடுக்கலைலா. பரீட்சை லீவுல அம்மாகூட அளத்துக்கு வந்தேன், உப்புத்தண்ணி ரேகையைத் தின்னுட்டு. விரல் மிருதுவாகட்டும்னு முந்தின நாள் தேங்காண்ணெய் வேற தேய்ச்சுத் தொலைச்சேன். பத்து விரலும் வழுக்கிட்டு. பெரிய ஆபீசர் வந்து உள்ள விடுததுக்குள்ள முக்கா மணி நேரம் போச்சு.”

அந்த வரிசை அவனுக்கு நினைவிருந்தது. இவளுக்குப் பின்னால்தான் நின்றான். இவளை ஒதுக்கி நிறுத்தியபோது, அப்பாடா, வரிசை நகர்ந்ததே என்றுதான் இருந்தது. அவன் விரல் பட்டதும் மெஷின் ரேகையை எடுத்துக்கொண்டது. அப்புறம் என்ன ஆயிற்று என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை.

அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவளோ முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். “ம், ஆரம்பி.”

போனை நீட்டிப் பிடித்தான். “ஒரே பள்ளிக்கூடம்... ஒரே கேள்வித்தாள்...”

அதற்குமேல் வாய் வரவில்லை. பாத்தித் தண்ணீரில் இருவர் நிழலும் அசையாமல் கிடந்தன.

மறந்துவிட்டான் என்று நினைத்தாள் அவள். பள்ளிக்கூடத்தில் செய்வதுபோலவே மெதுவாக எடுத்துக்கொடுத்தாள்.

“ஒரே மூணு மணி நேரம்.”