கடைசித் தையல்

அண்ணன் மலை ஏறிக்கொண்டிருந்தபோது நான் பாவு பிணைத்துக்கொண்டிருந்தேன்.

தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு முடிகிற இடத்தில் புதுப் பாவைச் சேர்க்க வேண்டும். நாலாயிரத்துக்கு மேல் இழைகள். பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று. விரலில் சாம்பலைத் தொட்டு, இரண்டையும் சேர்த்து முறுக்கி மடித்துவிட்டால் போதும். முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சு, இழைகளைப் பிரித்து வைக்கும் அச்சின் பல்லில் மாட்டி இழையை அறுத்துவிடும். எங்கள் வீட்டில் இது பெண்களின் வேலை. இயற்பியல் படித்த மூன்று வருடமும் லீவு நாட்களில் இதைச் செய்திருக்கிறேன். விரல்களுக்கு என் யோசனை தேவைப்படாது.

அம்மாவின் போனைத் தறிக்கட்டையில் சாய்த்து வைத்திருந்தோம். அதில் கொல்லிமலை. ஐந்து நாள் சைக்கிள் பந்தயத்தின் நான்காம் நாள். அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, மேலே ஒரு சுற்று சுற்றி, அதே எழுபதிலும் இறங்க வேண்டும். உமாபதி அண்ணன் சென்னையில் ஒரு சிறிய அணிக்குச் சம்பளத்துக்கு ஓட்டுகிறான். அடுத்த வருடம் அவனை வைத்துக்கொள்வார்களா என்பது இந்த மலையில் தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

பிணைக்க ஒத்தாசைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பூவம்மாள் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் குனிஞ்சிக்கினே போறானுங்க. இதுல நம்ம உமா எவன்டி?"

"ஆரஞ்சு சட்டை."

"ஆரஞ்சு சட்டையில ஆறு பேர் இருக்கானுங்களே."

"முதுகுல நாப்பத்தி மூணு போட்டிருக்கும்கா."

"முதுக வெச்சு அடையாளம் கண்டுபிடிக்கிற புள்ளையா பெத்து வெச்சிருக்க, கலைவாணி," என்றாள் என் அம்மாவிடம்.

அம்மா சிரிக்கவில்லை. படத்தைப் பார்க்காமல் இழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஓட்டுவதை அவள் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை.

முப்பத்தோராவது வளைவில் அண்ணன் எழுந்து நின்று மிதித்தான். கூட்டம் பின்னால் போனது. நாற்பதாவது வளைவில் அவன் தனியாக இருந்தான். படத்தின் மூலையில் இடைவெளி ஐம்பத்திரண்டு நொடி என்று வந்தது.

"போறான்டி! போறான்டி!" என்றாள் பூவம்மாள் அக்கா.

அப்போது மலையில் மழை தொடங்கியது. கேமராக் கண்ணாடியில் துளிகள். நான் ஓர் இழையை முறுக்கி மடித்தேன். மடித்த விரல் அப்படியே நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணனின் டயரைத் தைத்தபோது கடைசித் தையலில் என்ன செய்தேன்?

அது சாதாரண டயர் இல்லை. டியூபை உள்ளே வைத்து, குழாய்போல மூடித் தைத்து, தையல்மேல் பட்டை ஒட்டி, அதை அப்படியே சக்கரத்தில் பசை போட்டு ஒட்டுவார்கள். எங்கள் ஊர்ச் செவிலிமேடு பாலத்தில் ஓட்டிப் பழகும்போது அதில் ஆணி ஏறிவிட்டது. புதிது வர பத்து நாள் ஆகும். பஞ்சர் ஒட்டத் தையலைப் பிரித்தால் திரும்பத் தைக்க வேண்டும். "உன் கை சுத்தம், நீ தை. பட்டு போடு, அதான் உறுதி" என்றான். தைக்க வேண்டியது ஒரு சாண் நீளம்தான். நாலு இழைப் பட்டு. பட்டையை ஒட்டிய பிறகு தையல் யார் கண்ணுக்கும் தெரியாது. அணியின் மெக்கானிக் வெளியே பார்த்து, காற்றடித்து, ஒட்டிவிட்டார்.

ஊசியை எடுத்தது ஞாபகம் இருந்தது. கடைசித் துளையில் நூலை இழுத்தது ஞாபகம் இருந்தது. முடிச்சு ஞாபகம் இல்லை. நூல் முனையை மடித்து விரலால் முறுக்கியது மட்டும் விரலுக்கு ஞாபகம் இருந்தது.

கணக்குப் போட்டேன். ஒவ்வொரு தையலிலும் நூல் வளைந்து போகிறது. வளைவுக்கு வளைவு உராய்வு இழுப்பைக் குறைக்கும். கடைசித் தையலுக்கு வந்து சேரும் இழுப்பு மிகச் சிறியது. கல்லூரியில் இதற்குச் சமன்பாடு எழுதியிருக்கிறேன். ஆனால் அதற்கு உராய்வு எண் வேண்டும். நனைந்த பட்டுக்கு அது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. டயருக்குள்ளே வெளிக்காற்றைவிட எட்டு மடங்கு அழுத்தம். இறங்கும்போது பிரேக் பிடித்துப் பிடித்துச் சக்கரம் கொதிக்கும். கடைசித் தையல் விட்டால் அதற்கு முந்தையது, அப்புறம் அதற்கும் முந்தையது. முன் சக்கரம் அது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல."

அண்ணனின் போன் பந்தயத்தின்போது அணைந்திருக்கும். அவசரத்துக்கு என்று அணியின் மேலாளர் டேனியலின் எண்ணைக் காலண்டரில் எழுதி வைத்திருந்தான். அவருக்கு என் போனில் எழுதி அனுப்பினேன். ஒரே ஒரு டிக். அதற்குமேல் வரவில்லை.

பேச வேண்டும். கேஸ் சிலிண்டர் வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டில் அம்மாதான் போன் செய்வாள். கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் தெரிந்த பதிலைச் சொல்லாமல் வந்தவள் நான். ஐம்பதாவது வளைவு. படம் அரை நிமிடம் தாமதமாக வருகிறது. நான் பார்க்கும் அண்ணன் அரை நிமிடத்துக்கு முந்தையவன்.

அழைத்தேன். மணி அடித்ததும் துண்டித்தேன். மறுபடி அழைத்தேன்.

"ஹலோ, யாரு?" பின்னால் மழைச் சத்தமும் கார் ஹாரனும்.

"சார், நான் உமாபதி அண்ணனோட தங்கச்சி. சங்கரி."

"ஒண்ணும் கேக்கலம்மா, சத்தமா பேசு."

"முன்னாடி டயர் நான்தான் தைச்சேன் சார். கடைசியில முடிச்சு போடல."

"என்னாது போடல?"

"முடிச்சு."

"தோ பாரும்மா, உங்கண்ணன் முன்னாடி போய்க்கினு இருக்கான். ஒரு நிமிஷம் பத்து செகண்டு. இப்ப வீல் மாத்தினா பாதி போயிடும். மழையில நின்னு கிளம்புறதுல மீதியும் போயிடும். உனக்கு நிச்சயமா தெரியுமா?"

நிச்சயமாகத் தெரியாது. முடிச்சுப் போட்டிருந்து மறந்திருக்கலாம். அப்படியென்றால் அவனுடைய அடுத்த வருடத்தை நானே தொலைக்கிறேன்.

"தெரியாது சார்."

"அப்புறம் எப்படிம்மா..." குரல் துண்டு துண்டாக உடைந்தது.

"மாத்துங்க சார்! எறங்கறதுக்கு முன்னாடி மாத்திடுங்க! மாத்துங்க!"

அந்தக் குரல் என்னுடையதுதான். எதிர்வீட்டுத் தறிச் சத்தம் நின்றது.

"இவளுக்கு இவ்ளோ தொண்டை இருக்குதா?" என்றாள் பூவம்மாள் அக்கா.

இணைப்பு போய்விட்டிருந்தது. அவர் காதில் எது விழுந்தது, எது விழவில்லை என்று தெரியவில்லை. திரும்ப அழைத்தேன். எல்லைக்கு வெளியே என்றது. தறிக்கட்டையில் இருந்த படமும் அறுபத்து மூன்றாம் வளைவில் உறைந்து நின்றது. அண்ணன் ஒரு காலை மேலே தூக்கியபடி அசையாமல் இருந்தான்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். சொன்னேன். அவள் திட்டவில்லை. சாம்பல் கையோடு எழுந்து சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். விளக்கு ஏற்றவில்லை. சும்மா நின்றாள்.

பன்னிரண்டு நிமிடம் கழித்துப் படம் வந்தது. முதலில் இறங்குகிறவன் பச்சைச் சட்டை. அவனுக்குப் பின்னால் காலிச் சாலை, ஈரம் மட்டும். அடுத்து நீலச் சட்டை இரண்டு பேர். அப்புறம் மறுபடி காலிச் சாலை. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் மேகம். நான் வளைவுகளின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தைத் தேடினேன். தேடாமல் இருக்க முடியவில்லை.

"அதோ," என்றாள் பூவம்மாள் அக்கா. இந்த முறை மெதுவாக.

நாற்பத்தி மூன்று. முதுகை வளைத்து, நனைந்து, உயிரோடு. அவன் முன் சக்கரத்தில் வெள்ளை எழுத்துகள் உண்டு. இதில் இல்லை. வெறும் கறுப்பு.

அவன் ஐந்தாவதாக முடித்தான்.

ஒரு மணி நேரம் கழித்து அண்ணனிடமிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"நீ கத்தினியாமே? காது போச்சுன்னு டேனியல் அண்ணன் சொல்றாரு."

"ம்."

"ஜெயிச்சிருப்பேன்டி." குரலில் கோபமில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"டயர் எப்படி இருக்குதுண்ணா?"

"நல்லாத்தான் இருக்குது. கார்ல கெடக்குது. காத்துகூட எறங்கல."

"சுத்திப் பாருண்ணா. வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம், நான் தைச்ச எடத்துல."

கதவு திறக்கும் சத்தம். சக்கரம் மெதுவாகச் சுற்றும் சத்தம். பிறகு அது நின்றது.

"ஒரு இடத்துல வீங்கியிருக்குது," என்றான். "நெல்லிக்கா சைசுக்கு." சக்கரத்தை மறுபடி சுற்றும் சத்தம். "ஏறும்போதே முன்னாடி லேசா துள்ளுச்சு. ரோடுன்னு நெனச்சேன்."

"காத்தைத் தொறந்து உட்டுடு."

"நான் ஒண்ணும் அதும்மேல உக்காந்துக்கினு இல்ல."

"தொறந்து உட்டுடுண்ணா."

காற்று சீறிக்கொண்டு வெளியேறுவது கேட்டது. அது தீர்ந்து அடங்கும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவனும் வைக்கவில்லை.

பிறகு பாவுக்குத் திரும்பினேன். இன்னும் ஆயிரம் இழைக்கு மேல் இருந்தது. சிறிது நேரம் கழித்து அம்மா குனிந்து பார்த்தாள்.

"முடிச்சு போட்டிருக்கடி. இப்ப பிணைச்ச பத்து இழையிலயும்."

பார்த்தேன். போட்டிருந்தேன். அவள் ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினாள். அவள் அவிழ்த்து முடிக்கும்வரை நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.