சர்க்கரை என்று போட்டிருந்தது

என்னைக் கொலைகாரி என்று என் மாமனார் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஜெபத்தில் சொன்னார். எங்கள் சபைக் குடும்பங்களில் நேரில் சொல்ல வாய் வராததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கர்த்தரிடம் சொல்லிவிடுவார்கள். கேட்கிறவர்கள் ஆமென் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு நேசம்மாள் வீட்டு ஜெபக்கூட்டத்தில், இருபது பேர் நடுவில், “என் ஆகாரத்தில் கள்ளத்தனமாய்ச் சீனி கலக்கிற கையை மன்னியும் ஆண்டவரே” என்றார். எங்கள் அடுப்படியில் புழங்கியது என் கை ஒன்றுதான். நானும் ஆமென் சொன்னேன்.

மாமா சத்தியநேசன் ஓய்வுபெற்ற வாத்தியார். பத்து வருடமாகச் சுகர். அந்த வாரம் டெஸ்ட் எடுத்ததில் நானூறைத் தொட்டிருந்தது. கால் பெருவிரலில் ஆறாத புண் வேறு. கள்ளச்சீனி என்பது என் நாத்தனார் கிரேசியின் கண்டுபிடிப்பு. புருஷன் ஜான்ரோஸ் குவைத்தில் இருக்க, அவள் இரண்டு மாதமாக மார்த்தாண்டத்தில் எங்களோடு இருந்தாள். வந்த வாரமே என் கேப்பைக்கூழை ஒதுக்கிவிட்டு, தேன் சொட்டுகிற படம் போட்ட கார்ன்ஃப்ளேக்ஸைப் பெட்டி பெட்டியாக வாங்கி அப்பாவுக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தாள். பால் ஊற்றுவது மட்டும் என் வேலை. இப்போது புண்ணுக்குக் கட்டுப் போடுவதையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். மைனி என்று அவள் கூப்பிடுகிற என் கையை நம்ப முடியாதாம். என் வீட்டுக்காரர் ஷாஜன் அவளுக்கும் தலையாட்டினார், எனக்கும் தலையாட்டினார்.

மறுநாள் அந்தப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு வரி விடாமல் படித்தேன். உள்ளே மெட்ராஸில் அச்சடித்த தமிழ் நோட்டீஸ் ஒன்று இருந்தது. சோளம், சர்க்கரை, தேன் சேர்ந்த சத்துணவு என்று போட்டிருந்தது. கிரேசி இதைத்தான் நம்பியிருக்கிறாள். எங்கள் ஊரில் சர்க்கரை என்றால் வெல்லம், கரும்புச்சாற்றைக் காய்ச்சி எடுப்பது, பாயசத்துக்குப் போடுவது. வெள்ளையாக இருப்பது சீனி. சீனி ஆளைக் கொல்லும், சர்க்கரை ஒன்றும் செய்யாது என்று அவளுக்கு நினைப்பு. அதுவே தப்பு. மெட்ராஸ்காரன் சீனியைத்தான் சர்க்கரை என்பான் என்பது குவைத் வரை போய்வந்த மகாராணிக்குத் தெரியவில்லை.

பெட்டியின் பக்கவாட்டில் பொடி இங்கிலீஷில் உண்மை இருந்தது. நான் பிஎஸ்சி கெமிஸ்ட்ரி. எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது சட்டம். முதலில் சோளம். அடுத்து சீனி, அதற்கடுத்து குளுக்கோஸ் பாகு, பிறகு மால்ட் சாறு. ஒரே கள்ளன் மூன்று சட்டை மாற்றி வந்து நிற்கிறான். பிறகு உப்பு. அந்த உப்புக்கும் பின்னால், கடைசியில் தேன். நூறு கிராமில் முப்பத்தெட்டு கிராம் வெறும் இனிப்பு.

அன்றைக்கே மாமாவிடம் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. சபை நடுவில் விழுந்த பழி சபை நடுவில்தான் போக வேண்டும். அடுத்த மாதக் கூட்டம் எங்கள் வீட்டில். காத்திருந்தேன். தினமும் காலையில் கிண்ணத்தில் நானே பாலை ஊற்றி மாமாவிடம் நீட்டினேன். அவர் அடிப்பாலையும் மிச்சம் வைக்காமல் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சாயங்காலமும் வந்தது. பாட்டும் வசனமும் முடிந்து ஒவ்வொருவராக ஜெபித்து, என் முறை வந்தது. ஜெபிக்கிறவளை யாரும் இடையில் நிறுத்த முடியாது.

“அன்பின் பரலோக பிதாவே, கிரேசி தன் தகப்பனுக்கு ஆசையாய் வாங்கித் தருகிற ஆகாரத்துக்காய் ஸ்தோத்திரம். அதிலுள்ள சீனிக்காய் ஸ்தோத்திரம். குளுக்கோஸ் பாகுக்காய் ஸ்தோத்திரம். மால்ட் சாற்றுக்காய் ஸ்தோத்திரம். உப்பை விடக் குறைவாய் இருக்கிற தேனுக்காய் ஸ்தோத்திரம். மெட்ராஸ்காரன் சர்க்கரை என்று எழுதினால் அது சீனிதான் என்று அறியாத உம்முடைய பிள்ளைக்கு அறிவைத் தாரும்.”

முப்பத்தெட்டு கிராமையும் விடாமல் சொல்லித்தான் முடித்தேன். இருபது பேரும் பழக்கத்தில் ஆமென் சொன்னார்கள். சொன்ன பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. நேசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிரேசியின் முகம் பேயறைந்தது போல ஆனது. எனக்கு வயிறு நிறைந்தது.

எல்லோரும் போனதும் கிரேசி அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா நாற்காலியை விட்டு எழவில்லை.

“நீ இத எப்பம் வாசிச்ச, மக்களே?” பெற்ற மகளைக் கூப்பிடுவது போலக் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். “ஒரு மாசம் ஆச்சு மாமா.”

“ஒரு மாசமும் நீதானே பால் ஊத்தித் தந்த.”

“நீங்க கர்த்தர்கிட்ட கேட்டிய. எங்கிட்ட ஒரு நாளும் கேக்கேல்லியே.”

கட்டு மாற்றும் நேரம் தாண்டியும் கிரேசியின் கதவு திறக்கவில்லை. நான்தான் முக்காலியை இழுத்துப் போட்டு, அவர் காலைத் தூக்கி வைத்து, துணியை அவிழ்த்தேன். ஒரு மாதம் கழித்து அந்தக் காலைப் பார்க்கிறேன். பெருவிரல் முழுக்கக் கறுத்து, பக்கத்து விரலுக்கும் கறுப்பு ஏறியிருந்தது. விரலை அழுத்திப் பிடித்து, வலிக்கிறதா என்று கேட்டேன்.

“நீ தொட்டாத்தானே தெரியும், மக்களே. தொட்டுப் பாரு” என்றார்.

நான் அழுத்திக்கொண்டுதான் இருந்தேன்.