பச்சைத் தட்டின் அசல்

“இதுல பேசினா யாரும் காப்பி எடுக்க முடியாது, நூரு. உள்ளயே பூட்டு வச்சிருக்கான்.”

“சாவி யாருகிட்ட மச்சான்?”

“சாவியே கெடையாது. அதான் விசேஷம்.”

“சாவியில்லாத பூட்டா? நாளைக்கு நமக்கே தொறக்கலைன்னா?”

“கேக்குறதுக்குப் பூட்டு இல்ல புள்ள, நகல் எடுக்குறதுக்குத்தான். நீ பேசு, நான் கேக்கேன். நான் பேசுறேன், நீ கேளு. நடுவுல ஒருத்தருக்கும் வேலையில்ல.”

தொண்ணூற்றேழில், லீவு முடிந்து சார்ஜாவுக்குத் திரும்பப் புறப்பட்ட அன்று காதர் சொன்னது இது. சொல்லிவிட்டு, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மினிடிஸ்க் ரிக்கார்டரை நூர்பானுவின் கையில் வைத்தான். கூடவே சதுரமான பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்த குட்டித் தட்டுகள். ஒன்று பச்சை, ஒன்று நீலம், ஒன்று ஆரஞ்சு. கல்யாணமாகி ஐந்தாம் மாதமே சார்ஜா போனவன், முதல் லீவு முடிந்து மறுபடி போகிறான். அவளுக்கு அவன் வாங்கித் தந்த நகைகளையெல்லாம் விட அந்தத் தட்டுகள்தான் பிடித்துப்போயின.

காரணம் இருந்தது. ராஜபாளையத்தில் அந்த வீட்டுக்குச் சார்ஜாவிலிருந்து கேசட் வந்தால் அதைக் கூடத்து டேப் ரிக்கார்டரில் போட்டு எல்லோரும் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். பொத்தானை அமுக்குவது சௌதா மதினி. காதரின் அக்கா. தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள், புருஷனை இழந்து இந்த வீட்டோடு வந்துவிட்டவள். வீட்டுப் பேண்டேஜ் துணி யூனிட் நொடித்தபோது காதர் வெளிநாடு போகட்டும் என்று முடிவு செய்ததும் அவள்தான். கேசட்டில் முதலில் சலாம், பிறகு அக்காவுக்கு அரை மணி, பிறகு சொந்தபந்தம், தெருக்காரர்கள். கடைசியில், டேப் தீர்கிற இடத்தில், “நூரு, நல்லா இருக்கியா? அக்கா சொல்றபடி கேட்டு நட.” டொக்கென்று பொத்தான் எழும்பிவிடும்.

“பொண்டாட்டிக்கு ரெண்டே வார்த்தைதானா? கஞ்சப்பய!” என்று பக்கத்து வீட்டு அங்காளம்மாள் சிரிப்பாள். அவளும் கேட்க வந்து உட்கார்ந்திருப்பாள். நூர்பானு தலையைக் குனிந்துகொண்டு தம்ளர்களைப் பொறுக்குவாள்.

ஆகவே அந்த மினிடிஸ்க் அவளுக்கு ஒரு தனி அறை மாதிரி. மொட்டைமாடியில், வேறு யூனிட்டுக்காரர்களுக்குக் கூலிக்குக் காயப்போட்ட பேண்டேஜ் துணிகள் வெள்ளை வெள்ளையாகத் தொங்கும். அவற்றுக்கு நடுவே உட்கார்ந்தால் கீழேயிருந்து யாருக்கும் தெரியாது. அங்கே மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பேசுவாள். சார்ஜா போகிறவர்கள் கையில் தட்டைக் கொடுத்தனுப்புவாள். அவன் கேட்டுவிட்டு, மிச்ச இடத்தில் தன் பதிலைப் பேசி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் அதே தட்டைத் திருப்பி அனுப்புவான். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. சண்டை போட்டார்கள், சமாதானமானார்கள், பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்றுகூடப் பேசினார்கள்.

ஒன்றை மட்டும் அவள் எந்தத் தட்டிலும் பேசவில்லை. திரும்பி வந்துவிடுங்கள் என்பதை. கடல் தாண்டி இருக்கிறவனிடம் அதைச் சொல்லி அவன் சோற்றில் மண் அள்ளிப் போடக் கூடாது, நேரில் வரும்போது முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தாள்.

தொண்ணூற்றொன்பதில் அவன் லீவில் வந்தான். வந்த வாரமே கேட்க நினைத்தாள். ஒவ்வொரு நாளும் நாளைக்கென்று தள்ளிப்போட்டாள். வரும்போது காதர் தன் அறையில் வைத்திருந்த பெரிய மினிடிஸ்க் டெக்கையும் தூக்கி வந்திருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் நூர்பானுவின் தங்கை ஜரீனாவுக்கு அதைக் கொடுத்துவிட்டான். “போயி நான் புதுசு வாங்கிக்கிடுவேன்” என்றான். அந்த ‘போயி’ அவளுக்குச் சுருக்கென்றது.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. தட்டுகளில் நல்ல நல்ல இடங்களை மட்டும் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்து, ஒரு சிடியாக்கி அவனுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கேட்டு அவன் கண் கலங்கும்போது, அந்தச் சூட்டோடு கேட்டுவிட வேண்டும்.

பச்சை, நீலம், ஆரஞ்சு மூன்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள்.

ஜரீனா டெக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே மெல்லிய ஒரு கண்ணாடி ஒயரை மாட்டினாள். “டிஜிட்டல் ஒயருக்கா. ஒரு இரைச்சல் சேராது. ஹெட்போனை நீயே மாட்டிக்கோ. நான் ஸ்கிரீன்ல கோடு ஏறுதான்னு மட்டும் பாக்கேன்.”

“நீயும் கேட்டாத்தான் என்ன?”

“ஐயையோ, புருஷன் பொண்டாட்டி பேச்சு. எனக்கு இன்னும் வயசு பத்தாது தாயி.”

முதலில் காதரின் குரல். திரையில் பச்சைக் கோடுகள் துள்ளி ஏறி இறங்கின. மென்பொருள் ஒழுங்காகப் பதிந்தது. அடுத்து நூர்பானு பேசிய இடம். கோடு படுத்துவிட்டது. நடுவில் ஒரு சின்னக் கட்டம் தோன்றி ஆங்கிலத்தில் எச்சரித்தது: இது நகல் பாதுகாப்பு உள்ள பதிவு, பதிய முடியாது.

“மச்சான் கொரல் ஏறுது. உன் கொரல் ஏற மாட்டேங்குது. உன் கொரலுக்கு மட்டும் என்ன கொம்பா மொளைச்சிருக்கு?”

நீலத்தைப் போட்டுப் பார்த்தார்கள். ஆரஞ்சைப் போட்டுப் பார்த்தார்கள். அதே கதை. எல்லாத் தட்டிலும் அவன் பேசியது ஏறியது, அவள் பேசியது மறுத்தது. ஜரீனா டெக்கோடு வந்த கையேட்டை எடுத்துப் புரட்டினாள். ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்தாள்.

“அக்கா, இது பாட்டுக் கம்பெனிக்காரனுக்காக வச்ச பூட்டு. நாம மைக்குல நேரா பேசினா, அதுலருந்து ஒரு தடவை காப்பி எடுக்க விட்டுரும். எடுத்த காப்பியில ஒரு அடையாளம் போட்டுரும். அந்தக் காப்பியிலருந்து மறுபடி எடுக்கத்தான் விடாது.”

“அப்படின்னா?”

“அப்படின்னா இந்தத் தட்டுல மச்சான் பேசினது அசல். நீ பேசினது காப்பி. நீ மொட்டைமாடில உக்காந்து பேசின பச்சைத் தட்டு இது இல்லக்கா. இது வேற பச்சை.”

நூர்பானு டெக்கிலிருந்து தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். யாரும் காப்பி எடுக்க முடியாது என்றானே. ஒரு தடவை எடுக்கலாம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது, எடுத்தும் இருக்கிறான்.

ஜரீனா அதற்குள் கன்னத்தில் கை வைத்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். “மச்சான் பெரிய ஆளுதான்! உன் அசலைத் தான் வச்சிக்கிட்டு உனக்கு நகலை அனுப்பியிருக்காக. சார்ஜா ரூம்ல உன் கொரலைத் தலகாணிக்கு அடியில வச்சுப் படுத்திருக்காக போல.”

“சீ, போடி.” ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது தவிர வேறு எதற்கு ஒருவன் அசலை வைத்துக்கொள்ளப் போகிறான்?

ராஜபாளையம் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மில் ஷிப்ட் முடிந்து சைக்கிள்கள் சாரை சாரையாக வந்துகொண்டிருந்தன. இனி சிடி எதற்கு? இன்றைக்கே கேட்டுவிடலாம். குரலையே விட்டுப் பிரிய மனமில்லாதவன் ஆளை விட்டுப் போவானா? சிரிக்கிறது வெளியே தெரியாமலிருக்க முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டில், மகனுக்கு விசா வாங்கித் தரச் சொல்லிக் கேட்க வந்த அங்காளம்மாள் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். சௌதா அடுப்படியில் நின்றாள். காதர் உள்ளறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நூர்பானு கதவைச் சாத்தாமல் சாய்த்து வைத்துவிட்டு, அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

“கள்ளன். என் தட்டையெல்லாம் நீங்க வச்சிக்கிட்டு எனக்கு நகலைத்தான் தந்தீகளா?”

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். சிரிக்கவில்லை.

“யாரு சொன்னா?”

“கம்ப்யூட்டர் சொல்லிச்சு. உங்க பேச்சை ஏத்துது, என் பேச்சை ஏத்த மாட்டேங்குது. எங்க வச்சிருக்கீக, சார்ஜாலயா?”

“அது... டிஜிட்டல்ல அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசமே கெடையாது நூரு. ரெண்டும் ஒண்ணுதான். அதனால எது யாருக்குப் போச்சுன்னு நான் பெருசா பாக்கல.”

“யாருக்குப் போச்சுன்னா?” அவள் சிரிப்பு பாதியில் நின்றது. “எனக்கு ஒண்ணு. இன்னொண்ணு யாருக்கு?”

காதர் கட்டிலில் உட்கார்ந்தான். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. மினிடிஸ்க் வந்ததும் கேசட் சுருங்கிப்போனது. அக்கா எஸ்டிடி பூத்திலிருந்து போன் செய்து அழுதாள். பொண்டாட்டி வந்ததும் அக்காவுக்குக் குரல்கூடக் கிடையாதா என்று கேட்டாள். அவன் இன்னொரு ரிக்கார்டர் வாங்கி அவளுக்கு அனுப்பினான். தான் பேசியதை அனுப்புவதோடு நிறுத்தியிருக்கலாம், நூரு பேசிய தட்டுகளையும் சேர்த்து அனுப்பினான். “நூருவுக்கு மனசுல என்ன குறைன்னு தெரிஞ்சாத்தானே நான் பாத்துக்கிட முடியும்னு அக்கா சொல்லிச்சு. எனக்கும் சரின்னு பட்டுச்சு.”

“எல்லாத்தையுமா?”

கதவு திறந்தது. சௌதா நின்றாள். கையில் கரண்டி இருந்தது, அதைக் கீழே வைக்கத் தோன்றாமல் வந்திருந்தாள்.

“எல்லாத்தையும்தான் நூரு. அவனை ஏன் வையுத? நான்தான் கேட்டேன். என் தம்பி என்கிட்ட எதையும் மறைச்சதில்ல.”

“மதினி, அது நான் அவுககிட்டப் பேசினது.”

“தெரியும். எம்புட்டு நல்லா என்னைய மாதிரிப் பேசிக் காட்டுத! ‘ஏட்டி நூரு, வெங்காயத்தை இப்படியா அரிவாக?’ன்னு. நான் தும்மினா லாரி பிரேக் போட்ட மாதிரி இருக்குன்னியே, அதையும் கேட்டேன். ரெண்டு வருசத்துல உன்னைய ஒரு வார்த்தை கேட்டேனா?”

“அன்னிக்கே கேட்டிருக்கலாமே மதினி. சண்டை போட்டிருக்கலாம். ஒரு வாரம் பேசாம இருந்திருக்கலாம். நான் வந்து கால்ல விழுந்திருப்பேன்.”

சௌதாவின் முகம் சற்றே கோணியது. “கேட்டா நீ பேசுறதை நிப்பாட்டிருவ. பொறவு எனக்கு என்ன தெரியும்?”

அப்போதுதான் நூர்பானுவுக்கு அது நினைவு வந்தது. அவன் லீவு முடிந்து போன இரண்டாம் மாதம், நாள் தள்ளிப்போனதை யாரிடமும் சொல்வதற்கு முன்பே அது கலைந்துபோனது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மொட்டைமாடியில் உட்கார்ந்து பச்சைத் தட்டில் காதரிடம் மட்டும் சொல்லி அழுதாள். சில வாரம் கழித்து ஒருநாள் சௌதா அவள் இடுப்பிலிருந்து குடத்தைப் பிடுங்கிக்கொண்டாள். கருப்பட்டி போட்டு உளுந்தங்களி கிண்டி, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டாள். எதுவும் கேட்கவில்லை. சொல்லாமலே புரிந்துகொள்கிற மனசு என்று நூர்பானு உருகிப்போனாள். அடுத்த தட்டிலேயே சொன்னாள்: ‘எங்க அம்மாகூட இப்படிக் கண்டுபிடிச்சிருக்க மாட்டாக மச்சான், மதினி எனக்கு இன்னொரு தாய்.’

அதையும் மதினி கேட்டிருக்கிறாள். தன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, பக்கத்து அறையில்.

“அந்தக் களி...” என்றாள் நூர்பானு.

“பாசத்துலதான்டி கிண்டினேன்.” சௌதாவின் குரல் இப்போது உடைந்தது. “கேட்டுத் தெரிஞ்சாலும் பாசம் பாசந்தானே?”

அது பொய்யில்லை என்று நூர்பானுவுக்குத் தெரிந்தது. அதனால்தான் அவளால் தாங்க முடியவில்லை. வெறும் வேவு என்றால் வெறுத்துவிட்டுப் போகலாம். அன்று வாயில் கரைந்த இனிப்பைக்கூட இன்று எந்தக் கணக்கில் வைப்பதென்று தெரியவில்லை. அவள் காதரைப் பார்த்தாள். பேண்டேஜ் துணிகளுக்கு நடுவே அவனைத்தான் நினைத்துப் பேசினாள். காதில் ஓதுவது போல, சில சமயம் சொல்லக் கூச்சப்படுகிறதைக்கூட. அதைக் கேட்ட இரவுகளிலெல்லாம் அவன் இரண்டாவது தட்டைப் போட்டு, ஒயரை மாட்டி, நகல் முடியும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

“எடுக்கும்போது ஒரு தடவைகூட உங்களுக்குக் கை கூசலையா மச்சான்?”

“அக்கா வேற ஆளா நூரு? நம்ம வீட்டுக்குள்ளதானே?”

“வீட்டுக்குள்ளதான். கூடத்துல வச்சே போட்டிருக்கலாமே. அப்பவாவது எனக்குத் தெரிஞ்சிருக்கும், நான் ரெண்டு வார்த்தையோட நிப்பாட்டியிருப்பேன்.”

“என்ன புள்ள அங்க சத்தம்? நான் வேணும்னா பொறவு வாரேன்,” என்று கூடத்திலிருந்து அங்காளம்மாள் குரல் கொடுத்தாள்.

“இருங்கக்கா, போகாதீக.” நூர்பானு கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பின்னாலேயே காதர் வந்து அவள் முழங்கையைத் தொட்டான். “உள்ள வா. நாம பேசிக்கிடலாம். நாலு பேரு முன்னாடி வேண்டாம்.”

அவள் கையை உருவிக்கொண்டாள். அங்காளம்மாள் தம்ளரை வாயருகே பிடித்தபடி பார்த்தாள். சௌதா நிலைப்படியில் நின்றாள். எந்தத் தட்டிலும் பேசாததால் அந்த ஒன்று மட்டும்தான் இன்னும் ஒருவர் காதுக்கும் போகாமல் மிச்சமிருந்தது. அதையும் தனியறையில், கதவைச் சாத்திக்கொண்டு அவனிடம் சொல்ல அவளுக்கு இனி மனமில்லை.

“உள்ள வேண்டாம். இங்கேயே சொல்றேன். மதினியும் கேக்கட்டும், அங்காளக்காவும் கேக்கட்டும்.” குரல் நடுங்கியது. ஆனாலும் தெருவரை கேட்கிற மாதிரி வந்தது. “மச்சான், நீங்க திரும்பி சார்ஜாவுக்குப் போகாதீக. இங்கேயே என் கூட இருங்க.”