கிண்ணத்துக்குப் பின்னால்

சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிட்டால் எங்கள் வீட்டில் மண்டையில் குட்டு விழும். "பிச்சை எடுக்கிறவனாட்டம் என்ன இது, கீழ வை" என்பார் அப்பா. எங்கள் வீடு என்று இல்லை, கொரியாவில் பாதி வீடுகளில் இதே கதைதான். கிண்ணம் மேசையில் இருக்கும், கரண்டி வாய்க்கு வரும். கடலைத் தாண்டி ஜப்பானுக்குப் போனால் நேர் எதிர். அங்கே கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தால், நாய் மாதிரி தின்னாதே என்று திட்டு விழும். இந்த ஒரு சமாசாரத்தில் ஒரு முழுப்படமே தொங்கலில் நிற்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

என் பெயர் பியோ கில்சூ. சினிமாவில் சாமான்கள் என் பொறுப்பு. நடிகர் கையில் படுகிற கரண்டி, கடிதம், குடை, துப்பாக்கி எல்லாம் முதலில் என் கையில் பட்டுத்தான் போகும். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. கதை நல்லதா கெட்டதா என்று என்னை யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. சொன்னால் சண்டை வருகிறது.

போன வருஷக் கடைசியில் தாக் ஹேவொன் என்ற பெண் டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். முப்பத்தெட்டு வயசு, என்னைவிடப் பதினாலு வயசு சின்னவர். அவருடைய முதல் படம் ஒரே வாரத்தில் தியேட்டரை விட்டு ஓடிப்போயிருந்தது. இரண்டாவதாக அவர் தலையில் ஏற்றிக்கொண்டது ஜப்பானியர்கள் கோவில் மாதிரி கும்பிடுகிற ஒரு கார்ட்டூன் படம். 'உப்புக்காற்று வீடு' என்று பெயர். அதை நிஜ மனுஷர்களை வைத்து, கொரியக் கடலோர ஊரில் நடப்பதாக எடுக்க வேண்டுமாம். அறிவிப்பு வந்த அன்றே இணையத்தில் ஊரே கூடித் திட்டியது. 'வரைந்ததை எல்லாம் ஆளை வைத்து எடுத்தே தீருவீர்களா, உங்களுக்கென்று சொந்தமாக ஒரு கதை கிடையாதா' என்று. திட்டியவர்களில் என் மகனும் ஒருத்தன். அதை நான் டைரக்டரிடம் சொல்லவில்லை.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. பதினோரு வயசுப் பெண்ணும் அவள் அப்பாவும் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். "அம்மா இனிமே வர மாட்டா" என்கிறார் அப்பா. அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் சோற்றுக் கிண்ணத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறாள். நான்கு விநாடி திரையில் கிண்ணம் மட்டும்தான். அதில் நீல நிறத்தில் ஒரு சின்ன மீன். கிண்ணத்தின் விளிம்பு லேசாக ஆடுகிறது. அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷமாக அதைப் பார்த்து ஜனங்கள் அழுகிறார்கள். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அதை வரைந்து இயக்கிய குசே ஃபுமியே அம்மா படத்தை மறுபடி எடுக்க அனுமதி தரும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். கிண்ணக் காட்சி இருந்தே ஆக வேண்டும். அதைப் படமாக்கும் அன்று அவர் நேரில் இருப்பார். பிடிக்கவில்லை என்றால் அனுமதி அத்தோடு ரத்து.

"அண்ணே, அவங்க தலைய ஆட்டிட்டாங்கன்னா நான் முடிஞ்சேன்" என்றார் டைரக்டர் முதல் நாளே. "ரெண்டு படம் கவுத்தவளுக்கு மூணாவது படம் யாரும் தரமாட்டாங்க."

"ரெண்டாவது இன்னும் கவிழலையே, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றேன்.

முதலில் எங்கள் வீடுகளில் இருக்கிற மாதிரி எஃகுக் கிண்ணம் வைத்துப் பார்த்தோம். சூடான சோற்றைப் போட்டதும் அதைக் கையால் தொட முடியவில்லை. சின்னக் கிண்ணம் வேறு, முகத்தில் மூக்கை மட்டும்தான் மறைத்தது. பிறகு இச்சோன் ஊர்க் குயவர்களிடம் பீங்கானில் செய்யச் சொன்னேன். மீன் பெரிதாகிவிட்டது, மீன் கறுத்துவிட்டது, மீன் சிரிக்கிறது என்று டைரக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். நாற்பத்து மூன்றாவது கிண்ணம்தான் தேறியது.

ஆனால் கிண்ணம் தேறியதே தவிர, அதைத் தூக்குவது தேறவில்லை. கொரியப் பெண் அப்பா எதிரில் கிண்ணத்தைத் தூக்கினாலே பார்க்கிறவர்களுக்குச் சோகம் வராது. 'என்ன வளர்ப்பு இது' என்றுதான் வரும். சூப்பில் குனிந்து மறைக்கலாமா, தண்ணீர் குடிக்கிற சாக்கில் திரும்பிக்கொள்ளலாமா என்று எழுத்தாளர்கள் மாதக்கணக்கில் முட்டி மோதினார்கள். எதை மாற்றினாலும் குசே அம்மாவின் நிபந்தனை குறுக்கே நின்றது. கடைசியில், அப்படியே இருக்கட்டும், ஒரு வரியும் மாற்றவேண்டாம் என்று டைரக்டர் முடிவு செய்தார். அது பயத்தில் எடுத்த முடிவு என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு வேறொரு குடைச்சல் இருந்தது. கிண்ணத்தை நாற்பத்து மூன்று தடவை கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தவன் நான். முன்பக்கம் மீன். பின்பக்கம்? அந்தப் பக்கம் அவள் முகம் எப்படி இருந்திருக்கும்? கண்ணை மூடியிருந்தாளா? உதட்டைக் கடித்திருந்தாளா? யாரைக் கேட்டாலும் "அழுதிட்டு இருப்பா, வேற என்ன?" என்றார்கள். எனக்கு அது போதவில்லை.

அந்தப் பெண்ணாக நடிக்கிற ஓக் தாராமிடமே கேட்டேன். நிஜத்திலும் பதினோரு வயசு, வாயாடி.

"பின்னாடி என்ன பண்ணுவே நீ?"

"நாக்கை நீட்டுவேன் மாமா. யாருக்குத் தெரியப்போவுது?"

பதில் பிடித்திருந்தது. ஆனால் உறுத்தலும் குறையவில்லை.

அப்பாவாக நடித்தவர் குக் ஜேமான். முப்பது வருஷம் நாடக மேடையில் நின்றவர், எனக்குப் பழைய தோஸ்து. ஒத்திகைக்கு இடையில் ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தாராம் பழகிக்கொள்வதற்காகத் தன் சோற்றுக் கிண்ணத்தைத் தூக்கினாள். ஜேமான் தட்டிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை.

"கீழ வை."

அவளும் டக்கென்று வைத்துவிட்டாள். மேசையே சிரித்தது.

"யோவ், நீதான அவளைத் தூக்க விடாம பண்றே!" என்றேன்.

"நான் எங்கய்யா சொன்னேன்? வாய் தானா சொல்லுது" என்றார். "எனக்கு மூணு பொண்ணு. இருபது வருஷமா இதே பாட்டுத்தான்."

பாஜு என்ற ஊரில் போட்டிருந்த செட்டுக்குக் குசே அம்மா ஒரு காலை வந்தார். எழுபது வயசு, பனிக்கோட்டுக்குள் ஆள் இருக்கிற இடமே தெரியவில்லை. கூட ஒரு மொழிபெயர்ப்புப் பெண். மானிட்டர் பக்கத்தில் மெத்தை போட்ட நாற்காலியைக் காட்டினோம். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கேமராவை ஒட்டி, தாராமுக்கு எதிரில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார்.

ஒத்திகை எல்லாம் காலிக் கிண்ணத்தில் நடந்தது. படப்பிடிப்புக்கு ஆவி பறக்கிற சோறு வேண்டும் என்று நான்தான் அடம் பிடித்தேன். குக்கரிலிருந்து நேரே எடுத்துப் போட்டேன். பக்கத்தில் கிம்ச்சி ஊறுகாய், பீன்ஸ் சூப்பு, வறுத்த கானாங்கெளுத்தி மீன். ஜேமான் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தார். மீன் வாசனை வந்ததும் அவர் முகத்தில் இருந்த நடிகர் போய்விட்டார், வீட்டு மனுஷர்தான் இருந்தார். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

கேமரா ஓடியது. ஜேமான் இரண்டு வாய் சாப்பிட்டார். கரண்டியை வைத்தார்.

"அம்மா இனிமே வர மாட்டா."

தாராம் ஒரு வாய்ச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டாள். பிறகு கிண்ணத்தைத் தூக்கினாள். நீல மீன் சரியாகக் கேமராவைப் பார்த்தது. ஒன்று, இரண்டு என்று நான் மனசுக்குள் எண்ணினேன். குசே அம்மா முக்காலியிலிருந்து கழுத்தை ஒரு பக்கமாக நீட்டி, கிண்ணத்தைச் சுற்றிப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார். ஊரில் என்னைத் தவிர இன்னொரு ஆளுக்கும் இந்தக் குடைச்சல் இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம்.

மூன்று என்று எண்ணும்போது ஜேமான் சொன்னார்.

"கிண்ணத்த கீழ வை."

வசனத்தில் இல்லாத வார்த்தை. அவர் அப்போது ஜன்னலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எழுதியிருந்தது. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. காது சிவந்துவிட்டது. தாராமும் பழக்கதோஷத்தில் கிண்ணத்தை உடனே கீழே வைத்துவிட்டாள். டைரக்டர் 'கட்' சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

மறைக்க ஒன்றும் இல்லாமல் அந்த முகம் வெளியே இருந்தது.

அழவில்லை. வாய் நிறையச் சோறு, கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்கிறது. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. மோவாயில் ஒரு பருக்கை. திருடும்போது பிடிபட்ட பிள்ளை பார்க்கிற மாதிரி அப்பாவைப் பார்க்கிறாள். அம்மா வரமாட்டாள் என்றதற்கு வருத்தப்படலாமா, அதற்கும் திட்டு விழுமா என்று கேட்கிற முகம்.

ஜேமான் முப்பது வருஷம் மேடையில் நின்றது வீண் போகவில்லை. நிறுத்தவில்லை. சாப்பாட்டுக் குச்சியை எடுத்து மீனில் முள்ளை விலக்கி, நல்ல சதையாக ஒரு துண்டு கிள்ளி அவள் சோற்றின் மேல் வைத்தார். தாராம் அந்த மீன் துண்டையே பார்த்தாள். வாயில் இருந்ததைக் கஷ்டப்பட்டு விழுங்கினாள். அப்போதுதான் கண்ணிலிருந்து ஒரு சொட்டு கிண்ணத்தில் விழுந்தது. கரண்டியால் மீனோடு சேர்த்து அள்ளிச் சாப்பிட்டுவிட்டாள்.

"கட்" என்றார் டைரக்டர், ரொம்ப நேரம் கழித்து.

டைரக்டர் ஓடிப்போய்க் குசே அம்மா முன்னால் இடுப்பு வரை குனிந்தார். "மன்னிச்சிடுங்கம்மா, தப்பு நடந்துபோச்சு. அடுத்த டேக்ல நீங்க வரைஞ்ச மாதிரியே, கிண்ணம் இறங்காம எடுத்துடுறோம்."

குசே அம்மா ஏதோ மெதுவாகச் சொன்னார். மொழிபெயர்ப்புப் பெண் தயங்கினாள்.

"இதுக்கு மேல எடுக்க வேண்டாம்ங்கறாங்க."

டைரக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜேமான் கையெடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். எல்லாம் அந்த ஆவி பறக்கிற சோற்றால் வந்தது, அதை வைத்தவன் நான். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. படம்தான் போய்விட்டதே, கேட்கவேண்டியதையாவது கேட்டுவிடுவோம் என்று முன்னால் போனேன்.

"அம்மா, நான் சாமான் வைக்கிறவன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க வரைஞ்ச படத்துல, கிண்ணத்துக்குப் பின்னாடி அவ முகம் எப்படி இருந்துச்சு?"

மொழிபெயர்ப்புப் பெண் சொல்லி முடித்ததும் குசே அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நிறையப் பேசினார். அந்தப் பெண் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியாதுங்கறாங்க. அறுபது தடவ வரைஞ்சு பாத்தாங்களாம். அழற முகம், அழாத முகம், எல்லாம். எல்லாமே பொய்யா இருந்துச்சாம். படத்த முடிக்கவேண்டிய நாள் வேற நெருங்கிடுச்சு. வேற வழியில்லாமதான் கிண்ணத்த தூக்கி மறைச்சாங்களாம். ஊரே அத ஆகா ஓகோன்னு சொல்லிடுச்சு, இவங்களும் வாய மூடிக்கிட்டாங்களாம்."

"அப்ப அந்த நிபந்தனை?" என்றார் டைரக்டர் தரையிலிருந்தே.

"நிஜமான பொண்ண வச்சு எடுத்தா கிண்ணத்துக்குப் பின்னாடி நிஜமாவே ஒரு முகம் இருக்குமில்லையா, அதப் பாத்துடணும்னு போட்டாங்களாம். எட்டிப் பாத்தா போதும்னுதான் வந்தாங்களாம். கீழ வைக்கச் சொல்லலாம்னு அவங்களுக்குத் தோணவே இல்லையாம். அவங்க ஊர்ல எந்த அப்பாவும் அப்படிச் சொல்லமாட்டாராம். அதான், இன்னொரு தடவ எடுக்க வேண்டாம். இதுவே இருக்கட்டும்ங்கறாங்க."

டைரக்டர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதார். அவர் தலையைத் தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஜேமான் பக்கத்தில் நின்றார்.

குசே அம்மா எழுந்து மேசைக்குப் போனார். தாராமிடம் ஒரு கேள்வி கேட்டார், அந்த நேரத்தில் என்ன நினைத்தாய் என்று.

தாராம் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"சோறு சுட்டுச்சு. துப்பினா அப்பா திட்டுவாரேன்னு வச்சிருந்தேன்."

மொழிபெயர்ப்பைக் கேட்டதும் அந்த அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், என் நாற்பத்து மூன்றாவது கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டார். நீல மீன் எங்களைப் பார்த்தது. விளிம்பு ஆடியது.

இந்த முறை யாரும் கீழே வைக்கச் சொல்லவில்லை.