பழைய துணி

சண்முகவேலுக்குத் துணியைத் தொட்டாலே போதும், எந்த ஊர்த் தறி என்று சொல்லிவிடுவார். தி. நகரில் அவர் ஜவுளிக்கடைக்கு அப்படி ஒரு பெயர். நாயைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது கடிக்கும் என்பது ஒன்றுதான்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் மீனாட்சி, கருப்பி என்ற தெருநாய்க்குச் சோறு வைத்துப் பழக்கியிருந்தாள். அதன் வயிறு பெருத்ததைப் பார்த்து, எல்லாம் நம் வீட்டுச் சோறு என்று சண்முகவேல் பெருமைப்பட்டதும் உண்டு. அந்தக் கருப்பி இன்று காலையிலிருந்து சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தது. மாடிப்படிக்குக் கீழே புகுந்து சிமெண்டுத் தரையைப் பிறாண்டியது. போதாததற்கு, பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கென்று துவைத்துக் காயப்போட்டிருந்த பழம்புடவையைக் கொடியிலிருந்து இழுத்துப்போய்த் தாறுமாறாகக் கிழித்தது.

கிழிகிற சத்தம் கேட்டுச் சண்முகவேல் ஓடிவந்தார். வீட்டில் நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி! மகளை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார். கடை ஃபோனில் கார்ப்பரேஷன் நாய் வண்டிக்குச் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விட்டார். அந்த வண்டியில் ஏறிய நாய் எதுவும் தெருவுக்குத் திரும்பி வந்ததில்லை.

"அப்பா, வேண்டாம்ப்பா!" என்று மீனாட்சி ஜன்னல் வழியே அழுதாள்.

"வெறி பிடிச்சிட்டு அதுக்கு. ஏ சுந்தரி, பக்கத்துல போகாத!"

அவர் மனைவி சுந்தரவல்லி அதைக் காதிலேயே வாங்கவில்லை. ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தாள். கருப்பி மடமடவென்று குடித்தது. குடித்துவிட்டுத் தன் விலாவையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. சுந்தரவல்லி குனிந்தாள். வயிறு இறங்கியிருந்தது, காம்பில் பால் கசிந்திருந்தது.

"வெறிநாய் தண்ணி குடிக்குமா? இது பேறுகால வலிங்க. மீனாட்சி பெறந்த அன்னைக்கு நானும் சோறு வேண்டாம்னுட்டு, அடுக்களைய ஒழிச்சு ஒழிச்சு அடுக்கிட்டுக் கெடந்தேன். நல்லவேளை, நீங்க கடையில இருந்திய. இல்லன்னா எனக்கும் வண்டி வந்திருக்கும்."

சண்முகவேலுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நடுங்கிக்கொண்டே அவரை நிமிர்ந்து பார்த்த அந்த வாயில்லா ஜீவனைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது. கடைக்கு ஓடிப்போய் மல் துணியில் நல்லதாக ஒரு துண்டு கிழித்து வந்தார்.

"புதுசா? பெறந்த பிள்ளைக்குப் பழசுதான் போடணும். புதுத்துணி மொடமொடப்பு பச்ச ஒடம்ப உறுத்தும். அதுக்கே தெரிஞ்சிருக்கு, பழசா பாத்து எடுத்திருக்கு. இத்தன வருசமா துணி விக்கிய, உங்களுக்குத் தெரியல."

வண்டி பக்கத்துத் தெருவில்தான் இருந்ததோ என்னவோ, அதற்குள் வாசலில் வந்து நின்றுவிட்டது. சுருக்குக் கம்பியோடு ஒருவன் இறங்கினான்.

"இன்னா நைனா, வெறிநாய் எங்க கீது?"

சண்முகவேல் நிலைப்படியை மறித்து நின்றார். "வெறிநாயெல்லாம் இல்ல. வீட்டுல பிரசவம். ஆம்பிளைங்க உள்ள வரக்கூடாது."

"நீதான ஃபோன் பண்ணே?"

"பண்ணினவன்தான் சொல்லுதேன். போயிட்டு வாங்க."

வண்டி போயிற்று. அவரும் ஆம்பிளைதான் என்பதால் உள்ளே போகவில்லை. தோளில் கிடந்த பழைய துண்டை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவிடுக்கில் நீட்டினார். படிக்கட்டுக்குக் கீழேயிருந்து கீச்சென்று ஒரு குரல் கேட்டது.

"ஒண்ணு வந்தாச்சு!" என்றாள் சுந்தரவல்லி. "இன்னும் நாலஞ்சு இருக்கும்போல. வேற பழசு இருந்தா தாங்க."

சண்முகவேல் திரும்பிப் பார்த்தார். கடை நிறையத் துணி அடுக்கியிருந்தது, ஒன்றுகூடப் பழசில்லை. அவர் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார்.