கறுப்புக் கம்பியில் சிவப்பு நூல்

...கோளாறு பல்பில் இல்லை, பல்பைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தாயிற்று, அப்படியும் ஃபியூஸ் போய்விட்டது, சுவிட்சை அணைத்து வைத்தால் ஃபியூஸ் நிற்கிறது, போட்டால் பட்டென்று கருகிப் போகிறது, அப்படியானால் சுவிட்சுக்குப் போய்வரும் கம்பியில்தான் கோளாறு... மருதமுத்து ஏணியில் நின்றபடி கூரையில் கம்பிகள் சேரும் பெட்டியின் மூடியைத் திருகினான். கீழே தங்கை சந்திரமதி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்தக் கஜா பெராங் ஊரில் பாதி வீட்டுக்கு அவன் கை வயரிங், எங்கேயும் இப்படி ஆனதில்லை, கூடப்பிறந்தவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில்தானா ஆகவேண்டும்? எலி கடித்த பழைய வயரைப் பிடுங்கிவிட்டு அண்ணன் சீராகப் புதிதாய்ப் போட்டுத் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தவனும் அவன்தானே. மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சந்தோஷத்தில் ஊர் முழுக்கக் கலர் பல்பு தொங்குகிறது, இங்கே மட்டும் மண்ணெண்ணெய் விளக்கு.

நேற்றுத்தான் லைன் கொடுத்தார்கள். மாமியார் அன்னம் அக்கம்பக்கத்தைக் கூட்டி வைத்து, புது மருமக கையால போடட்டும் என்றாள், மதி போட்டாள், இருட்டு. ஃபியூஸ் மாற்றி மறுபடி போட்டாள், மறுபடி இருட்டு. விளக்கேத்த வந்தவ இருந்த விளக்கையும் அணைச்சிட்டா, சியால் புடிச்ச கை... அதை மட்டும் ஏன் மலாயில் சொன்னாள், மலாயில் சொன்னால் ராசியில்லாதவள் என்பது சுடாதா? ராசியுமில்லை ஒன்றுமில்லை, கம்பி, வெறும் கம்பி, இன்றைக்கே கண்டுபிடித்து அந்தம்மாள் முகத்துக்கு நேரே காட்டிவிட வேண்டும்.

பெட்டிக்குள் மூன்று கறுப்புக் கம்பிகள். அதில் ஒன்று சுவிட்சிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுவருவது, நிறம் கறுப்பு, குணம் சிவப்பு, மற்ற இரண்டோடும் சேரவே கூடாது, அடையாளத்துக்காக அவனே சிவப்பு நூல் கட்டித் தொங்கவிட்டுப் போனான், மறுநாள் வந்து நூலைப் பார்த்துத்தான் முடுக்கினான்... ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி வைத்து, எல்லாவற்றையும் அவிழ்த்து, எது சுவிட்சுக்குப் போகிறது என்று டார்ச் பல்பையும் பேட்டரியையும் வைத்துப் பார்த்தான். நூல் கட்டிய கம்பியில் பல்பு எரியவில்லை. நூலே இல்லாத ஒன்றில் எரிந்தது. நூல் எப்படி இடம் மாறும்? இது அவன் போட்ட முடிச்சே இல்லை, மூன்று முடிச்சு, விரலில் மஞ்சள் ஒட்டியது.

மதி, இத யாரு தொட்டா?

நாந்தாண்ணே, ஒட்டடை அடிக்கறப்ப கயிறு கீழ விழுந்திருச்சி, வீட்டுக்குக் காப்பு கட்டியிருக்கேன்னு நெனச்சேன், தரையில கெடக்கக் கூடாதில்ல, மஞ்சத் தடவி, தொங்கின கம்பி ஒண்ணுல மறுபடி கட்டிட்டேன்... ஏண்ணே?

ஏனா? என்னவென்று சொல்வான், அன்னம் சொன்னது பலித்துவிட்டது, அவள் கைதான், அவள் கையேதான் என்றா? அடுப்படியிலிருந்து குரல் வந்தது, என்னா தம்பி, கோளாறு எங்கன்னு தெரிஞ்சிச்சா? என் கைதாங்க அத்தை, கம்பிய மாத்திப் பூட்டிட்டேன், என்றான். ஓ, என்றாள் அன்னம், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள், அந்த ஓ நாளைக்குத் தெருத் தெருவாகப் போகும், இனி யார் அவனை வேலைக்குக் கூப்பிடுவார்கள்... போகட்டும்.

கம்பிகளைச் சரியாக முடுக்கி மூடினான், ஃபியூஸைப் பொருத்தினான், மதியையே போடச் சொன்னான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு போட்டாள். எரிந்தது, நின்று எரிந்தது. அன்னம் பல்பைப் பார்த்தாள். மதி பல்பைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள், அண்ணே, கயிறு உள்ளேதானே இருக்கு, என்று மெதுவாகக் கேட்டாள். இருக்கு என்றான். ஏணியை மடக்கும்போதுதான் உறைத்தது, கோளாறு எங்கே எங்கே என்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோமே, இவள் கல்யாணமாகி வந்து இரண்டு மாதம் ஆகவில்லை, இந்த வீட்டில் எதற்குப் பயந்து இவளுக்குக் காப்பு? கேட்க வாயெடுத்தான். அன்னம் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.