அலமு சொன்ன சொல்

கீழ்வானின் செம்மை கரைந்து வெண்மை பரவும் விடியற்பொழுதில், ஏகாம்பரநாதர் திருக்கோயிலின் நெடுங்கோபுரம் இருட்போர்வையை மெல்லக் களைந்து நிற்க, அதனைச் சூழ்ந்த தெருக்களில் தறியோசை ஒன்றன்பின் ஒன்றாய் எழ, ஏனாத்தூர்ப் பேருந்துகள் மாணவரைச் சுமந்து விரைய, பெரிய காஞ்சிபுரம் கண்விழிக்கும் அழகை, அன்புடையீர், நீவிரும் ஒருமுறையேனும் கண்டிருப்பீர்.

அத்தெருக்களுள் ஒன்றில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர் சுகாசினியும் அலமுவும். இருவரும் நாற்பத்தைந்தைக் கடந்தவர், பள்ளிப்பருவந்தொட்டுத் தோழியர். கணவனை இழந்த சுகாசினி பட்டுக்கடையொன்றில் சேலை விரித்துக் காட்டும் பணியினள். மணம்புரியாத அலமு வீட்டிலிருந்தே துணி தைப்பவள். சுகாசினியின் தந்தை ராஜவேலு, முப்பதாண்டு பேருந்து ஓட்டியவர், நினைவு தேய்ந்து, நாள்தோறும் காக்கிச்சட்டை அணிந்து பேருந்து நிலையம் நோக்கி நடந்துவிடுவார். அலமுவின் தாய் அங்கம்மாளோ ஒருபக்கம் செயலிழந்து கட்டிலோடு கிடந்தாள். பகலெல்லாம் முதியவரைக் காத்துச் சோறூட்டுவது அலமுவின் பொறுப்பு. மாலையில் கடையினின்று திரும்பி, அங்கம்மாளைப் புரட்டித் துடைத்து உடைமாற்றுவது சுகாசினியின் பொறுப்பு. இவ்வாறே நான்காண்டுகள் கழிந்தன.

ஒரு மழைநாளில், ஊட்டிய சோற்றை மும்முறை முகத்தில் உமிழ்ந்த தந்தையைச் சுகாசினி கன்னத்தில் அறைந்துவிட்டாள். உடனே அலமுவிடம் ஓடிச்சென்று, நடந்ததைச் சொல்லி விம்மினாள்.

"அழாத சுகா. எங்கம்மாவ நான் கிள்ளினது இல்லையா? இது நம்ம ரெண்டு பேரோட போவட்டும்மா" என்று அவள் தலையைக் கோதினாள் அலமு.

பின்னொருநாள், தந்தையை அலமுவிடம் விட்டு, கடையார் பணித்தபடி கோவைப் பட்டுக்காட்சிக்குச் சென்ற சுகாசினி, மூன்றாம்நாள் நண்பகல் திரும்பியபோது வீடு வெறுமையாய்க் கிடந்தது. தந்தையின் கட்டிலில் விரிப்பும் இல்லை. கொடியில் காக்கிச்சட்டையும் இல்லை. பதறி வாயிலுக்கு வந்தவள்முன் அலமு நின்றாள்.

"உங்கண்ணன் வந்து கூட்டினு போயிட்டாரு. முசரவாக்கம் பக்கத்துல ஒரு முதியோர் இல்லத்துல சேத்திருக்காரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமலா?"

"சொன்னா நீ விடுவியா? நேத்து உங்கப்பாவத் தேடிக்கினு நான் ஓடினப்போ, எங்கம்மா கட்டில்லேருந்து வியுந்து கை முறிஞ்சு போச்சு. ரெண்டு பேத்த என்னால பாக்க முடியல சுகா."

அவ்வேளை சுகாசினியின் கைப்பேசி ஒலித்தது. சென்னையில் வாழும் தமையன் ராமராஜன் பேசினான். "அப்பாவ அடிச்ச கையால நீ இனிமே சோறு போட வேணாம்."

கைப்பேசியைத் தாழ்த்திய சுகாசினி, தோழியை நிமிர்ந்து நோக்கினாள். அலமுவின் கண்கள் நிலம் நோக்கின.

"தங்கச்சிதான் நல்லா பாத்துக்குதே, எதுக்கு வரணும்னு கேட்டாரு. வேற வழி தெரியல. அதான் சொல்லிட்டேன்."

அலமு தாயைக் கிள்ளிய செய்தி சுகாசினியின் நாநுனிவரை வந்தது. தெருவே கேட்க அதைக் கூவியிருக்கலாம், கூவினாளல்லள். கதவை மட்டும் சாத்திக்கொண்டாள். அன்றுமுதல் மாலைதோறும், "சுகா, வந்துட்டியாமா?" என அங்கம்மாள் அழைக்கும் குரல் அடுத்த வீட்டினின்று கேட்கும். நீரில் மூழ்குவோள்போல் மூச்சடக்கி, செவிகளைப் பொத்தி அமர்ந்திருப்பாள் இவள். தன்னைத் தோழி ஏய்த்த துயரோடு, ஒரு பாவமும் அறியாக் கிழவியைத் தான் கைவிட்ட துயரும் அவளை வருத்தியது.

இருகிழமை கழித்துத் தமையன் இசைய, அவள் அம்முதியோர் இல்லத்திற்குச் சென்றாள். சாளரத்தருகே தூய உடையில் அமர்ந்திருந்தார் ராஜவேலு. உடல் சற்றே தேறியிருந்தது. அதைக் கண்டு மகிழவும் அவளால் இயலவில்லை, வருந்தவும் இயலவில்லை. பிசைந்த சோற்றை நீட்டினாள். அவர் வாய் திறவாமல் அவள் முகத்தை நெடிது நோக்கினார்.

"நீ யாரும்மா? அலமு வரலையா? அது குட்த்தாதான் துன்னுவேன்."

ஏந்திய கவளம் ஏந்தியபடியே நின்றது.

அன்று பிற்பகல், மூடிய கதவைத் திறந்து அடுத்த வீட்டு வாயிலில் போய் நின்றாள் சுகாசினி. தையலை நழுவவிட்டு எழுந்தோடி வந்த அலமு, அவள் கையைப் பற்ற முனைந்தாள். சுகாசினி கையை இழுத்துக்கொண்டாள்.

"அப்பா உன்ன கேட்டாரு. சாப்பிட மாட்டேங்குறாரு. ஞாயித்துக்கெழம போயி ஊட்டிட்டு வா. அவ்ளோ நேரம் உங்கம்மாவ நான் பாத்துக்குறேன்."

அலமு விம்மினாள். "என்கூட நீயும் வாயேன் சுகா. அம்மாவப் பாக்க வேற ஆள சொல்லிக்கிறேன்."

"நான் சனிக்கெழம போய்க்கிறேன்."

மேலும் நில்லாது திரும்பினாள். தந்தையின் பசிக்காக அவள் வாயில் திறந்தது, நெஞ்சம் திறக்கவில்லை. பகைவர் இழைக்கும் தீங்கைப் பகை என்றெண்ணித் தாங்கிவிடுகிறோம். நம் கண்ணீரைத் துடைத்த கையே நம்மைக் காட்டிக்கொடுக்குமாயின், அதனை என்னவென்று எண்ணித் தாங்குவது? அவ்வினாவுக்கு விடை காணாமலே, ஞாயிறுதோறும் அங்கம்மாளின் உடலைப் பரிவோடு துடைத்துவருகிறாள் சுகாசினி. அலமு திரும்பும் அடியோசை கேட்டதும் எழுந்து போய்விடுகிறாள்.